வருகைப் பதிவேட்டில் நான்காவது பிள்ளை

நான் பெற்றது மூன்று பிள்ளைகள். இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். மூன்று பிரசவங்களுக்கும் நேரம், குழந்தையின் எடை, அன்று மழை பெய்ததா இல்லையா என்பது வரை என் நாட்குறிப்பில் இருக்கிறது. இருந்தும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் சொந்த வீட்டில், என் சொந்தப் பிள்ளைகளுக்கு வைத்த பரீட்சையில் நான்கு விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண் போட்டு, நான்காவது பிள்ளைக்கு முதல் ரேங்க் கொடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒழுங்கினால்தான். ஒழுங்கில்லாத பெண்ணுக்கு இப்படி ஒரு விபத்து நடக்கவே நடக்காது.

நாங்கள் புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் வீட்டுக்காரம்மா. பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர், தெருவே அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நான் முடிவெடுத்தபோது பெரியவள் நிர்மலாவுக்குப் பன்னிரண்டு வயது, அந்தோணிக்குப் பத்து, லில்லிக்கு ஏழு. காலை ஜெபம், பாடம், வீட்டு வேலை மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக நடந்தால் பிள்ளைகள் நிதானமாக வளர்வார்கள் என்று நம்பினேன். (இப்போதும் நம்புகிறேன். நிதானம் எனக்குத்தான் வரவில்லை.)

என் கணவர் சேவியர் சண்டை போடுகிறவர் அல்ல. "ஒரு வருசம் பாரு. வருசக் கடைசியில ரெஜினா அக்கா வந்து பாக்கட்டும். அவங்க சரின்னா நடத்து. இல்லன்னா ஜூன்ல பழையபடி பள்ளிக்கூடம்" என்றார். ரெஜினா அக்கா அவருடைய மூத்த சகோதரி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, மூலக்குளத்தில் வீடு. முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்த கண், அதற்குத் தப்பி எதுவும் நடக்காது. நான் சம்மதித்தேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் வருடம் முழுவதும் உழைத்தேன்.

பின்னறையை வகுப்பாக்கினேன். அதன் ஒரே ஜன்னல் பின்சந்தைப் பார்த்தது. கவனம் சிதறக்கூடாது என்று அதன் கீழ்ப் பாதி மரச்சட்டங்களை நிரந்தரமாக மூடிவைத்தேன். அரிசி டப்பா முதல் செருப்பு வரை எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு. சுவரில் பதினான்கு விதிகள். கல்யாணத்துக்கு முன் ஓர் அலுவலகத்தின் கோப்புப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவள் நான், அதனால் விதி எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். பதினொன்றாம் விதி: பசி, வயிற்றுவலி தவிர வேறு எதையும் அம்மாவிடம் வாயால் சொல்லக்கூடாது, சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அம்மா பெட்டியைத் திறப்பார். பன்னிரண்டாம் விதி: ஒரு வாரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

தினமும் காலை ஒன்பதரைக்கு ஜெபம் முடிந்ததும் வருகைப் பதிவு. (மூன்று பிள்ளைகளுக்கு என்ன வருகைப் பதிவு என்று சேவியர் கேட்டார். நான் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.) பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குரலில் பாசம் வந்துவிடும் என்று எண்களைத்தான் கூப்பிடுவேன்.

"எண் ஒன்று?"

"உள்ளேன் அம்மா."

"இரண்டு?"

"உள்ளேன் அம்மா."

"மூன்று?"

"உள்ளேன் அம்மா."

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. மூன்றாவது பதில் வந்ததும் பதிவேட்டை மூடினேன். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள்ளிருந்து, சுவரே பேசியது போல, மூச்சோடு மூச்சாக ஒரு குரல் வந்தது.

"உள்ளேன் அம்மா."

நிமிர்ந்தேன். மூன்று பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியானால் அது எனக்கு மட்டும் கேட்டிருக்கிறது. முதுகுத்தண்டில் ஈரத்துணி ஊர்ந்தது போல் இருந்தது. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். பளீரென்று வெயில் விழும் ஒன்பதரை மணிக்கு வருகிற பேய்க்கு என்ன செய்வது என்று எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று கேட்கவில்லை. எழுதிவைத்தேன். தேதி, நேரம், குரலின் தன்மை. மூன்றாம் நாள் இன்னொன்றும் கவனித்தேன். குரலோடு சேர்ந்து ஒரு வாடை வந்தது. நாட்குறிப்பில் அன்று எழுதிய வரியை மாற்றாமல் தருகிறேன்: "கடலின் வாடை. செத்த ஏதோ ஒன்றின் வாடை."

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பரீட்சை. மறைக்கல்வி, இருபத்தைந்து மதிப்பெண். பெற்ற தாய் பாரபட்சம் காட்டக்கூடாது என்பதால் தாளில் பெயர் கூடாது, எண் மட்டும். தாள்களைச் சேகரித்துத் தட்டில் வைப்பது அந்தோணியின் பொறுப்பு. 'எழுதிய தாள் ஒன்றும் விடுபடக்கூடாது' என்று அவன் கடமைப் பட்டியலில் என் கையாலேயே எழுதியிருந்தேன். திருத்த உட்கார்ந்தால் நான் யார் முகத்தையும் நினைக்கமாட்டேன். அவ்வளவு பழக்கம்.

எண் நான்கு என்றிருந்த தாள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'பேதுரு இரவெல்லாம் வலை வீசியும் மீன் அகப்படாதது ஏன்?' என்ற கேள்விக்கு மற்ற மூவரும், நான் சொல்லிக்கொடுத்தபடி, 'ஆண்டவர் அவரோடு இல்லாததால்' என்று எழுதியிருந்தார்கள். நான்காவது தாளில் பென்சிலால், எழுத்து எழுத்தாக அழுத்தி, இப்படி இருந்தது: 'நீரோட்டம் மாறி இருக்கும். அந்த மாதிரி நாளில் எடது பக்கம் வலை போட்டால் ஒன்னும் ஏறாது. வலது பக்கம் போடு என்று சொன்னவருக்குக் கடல் தெரியும்.'

முழு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் 'சிந்தனை நன்று' என்று சிவப்பு மையில் எழுதினேன். ரேங்க் பட்டியல் தயாரித்துச் சுவரில் ஒட்டினேன்.

மதியம் சாப்பிட வந்த சேவியர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஸ்டெல்லா, நமக்குப் புள்ளைங்க எத்தனை?"

"மூணு. இது என்ன கேள்வி?"

"ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினது யாரு?"

"நாலாம் நம்ப…" என்றேன். நாக்கு அங்கேயே நின்றது.

ஓடிப்போய்த் தாளை எடுத்தேன். அதன் மூலையில் நகக்கண் அளவில் வெள்ளியாக ஏதோ ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் நீலமாகவும் ரோஜா நிறமாகவும் மாறியது. இந்த உலகத்துப் பொருள் மாதிரி இல்லை. சாமணத்தால் எடுத்து, நாட்குறிப்பில் வைத்து, மேலே செல்லோடேப் ஒட்டி, 'ஆதாரம் 1' என்று எழுதினேன். (இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் பூனை வருகிறது.)

மாலையில் மதாமிடம் விசாரித்தேன். பேச்சோடு பேச்சாக, அந்தப் பின்னறையில் முன்பு யார் இருந்தார்கள் என்று. அவர் காபியை வைத்துவிட்டு என்னைச் சாவகாசமாகப் பார்த்தார்.

"அங்க முன்ன ஒரு சின்ன எக்கோல் இருந்துச்சு. பள்ளிக்கூடம். எங்க அம்மாதான் நடத்துனாங்க. நீ கூப்புடுறது மேல எனக்கு நல்லாவே கேக்குது. நீ மூணு பேரக் கூப்புடுற. நாலு பேரு பதில் சொல்றாங்க. எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துச்சு."

"நாலு… உங்களுக்கும் கேக்குதா மதாம்?"

"ஏன், ஒனக்குக் கேக்கலியா? நீதானே டீச்சர்."

அன்று மாலை எல்லாம் பொருந்திவந்தது. கடல் வாடை. நீரோட்டம் தெரிந்த பிள்ளை. மதாமின் பழைய பள்ளிக்கூடம். என்றோ கடலில் போன ஒரு பிள்ளை, பாடம் முடியாமல், என் வகுப்பைத் தேடி வந்திருக்கிறது. நான் வேறு அதற்கு 'சிந்தனை நன்று' என்று எழுதி ஊக்கம் கொடுத்திருக்கிறேன்.

புத்தாண்டிலிருந்தே, பரீட்சைத் தயாரிப்பில், சனிக்கிழமை நான்கு மணிக்குப் பெட்டியைத் திறப்பது விட்டுப்போயிருந்தது. அதன் பிறகு அது அமானுஷ்யக் குறிப்புகளைத் தொகுக்கும் நேரமாகவே ஆகிவிட்டது. கால அட்டவணையில் வேறு காலி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் மீன் விற்க வருகிறவள் அஞ்சலை. கனகசெட்டிக்குளத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருவாள், நாற்பது வயது இருக்கும், குரலைக் கேட்டால் தெருக்கோடியில் நாய் எழுந்து நிற்கும். வெள்ளிக்கிழமை வாசலில் அவள் சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். கடல் பக்கத்துக்காரி, தெரிந்திருக்கும் என்று.

"அஞ்சலை, இந்தச் சந்துப் பக்கம் எப்பவாச்சும்… கடல்ல போன கொழந்த, அந்த மாதிரி ஏதாவது கேள்விப்பட்டிருக்கியா?"

"ஏம்மா காலங்காத்தால அப்படிக் கேக்குற?"

"பின்னாடி ரூம் ஜன்னல்கிட்ட ஒரு கொரல் கேக்குது. காலையில ஒம்பதரைக்கு."

அஞ்சலையின் கத்தி நின்றது. "ஜன்னல்கிட்டயா? எந்தப் பக்கம்மா? உள்ளயா, வெளியவா?"

"தெரியல. சொவத்துக்குள்ள இருந்து வர மாதிரி."

"யம்மாடி! அங்கதான நான்…" என்றவள் கத்தியைக் கூடையில் போட்டாள். "அந்தப் பக்கமாத்தான நான் வருவேன் போவேன்! நல்லவேளை சொன்னம்மா." மீனுக்குக் காசுகூட வாங்காமல் போனாள்.

மறுநாள் காலை ஜன்னல் விளிம்பில் நான்கு வேப்பிலைக் கொத்துகள் வரிசையாக இருந்தன. நான் வைக்கவில்லை, சேவியர் வைக்கவில்லை. 'ஆதாரம் 5' என்று எழுதினேன், அந்தப் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து கோணலாக இருக்கும்.

இப்படியே மார்ச் வந்தது. ரெஜினா அக்கா வரும் நாளும் வந்தது. பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் திட்டம் போட்டேன். ஒன்பதரைக்கு உதவிப் பங்குச் சாமியாரை வரவழைத்து வகுப்பறையை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கச் செய்வது, பத்தே முக்காலுக்குள் ஆவியை அனுப்பிவிடுவது, பத்து நிமிடம் தரை காய. எல்லாம் தாளில் சரியாக இருந்தது. தலைமையாசிரியைகள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள், முன்னதாகவே வந்து நிற்பார்கள் என்பதை மட்டும் நான் மறந்துவிட்டேன்.

ஒன்பது இருபதுக்கு ரெஜினா அக்கா கைப்பையோடு உள்ளே வந்தார். ஒன்பது இருபத்தைந்துக்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். குருப்பட்டம் பெற்று ஒரு வருடம்கூட ஆகாத இளம் சாமியார், பேய் விஷயம் என்று நான் சொன்னதிலிருந்தே அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"சாமியார் எதுக்கு?" என்றார் அக்கா.

"சும்மா, வகுப்ப மந்திரிக்க அக்கா."

"பரீட்சைக்கு நான் வர அன்னிக்கா?"

சாமியார் என்னிடம் தணிந்த குரலில், "நீங்க வழக்கம் போல நடத்துங்கம்மா. கொரல் வந்தா பாத்துக்கலாம்" என்றார். அவர் நின்ற இடம் கதவுக்கு மிக அருகில் இருந்தது.

பதிவேட்டைத் திறந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று பதில்களும் வந்தன. மூடவில்லை, காத்திருந்தேன். மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது. மாடியில் மதாமின் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கடல் வாடை வந்தது.

"உள்ளேன் அம்மா."

"எனக்கும் கேட்டுச்சு!" என்று கத்தினார் சாமியார். அடுத்த நொடி செம்பில் இருந்த தீர்த்தம் முழுவதையும், தெளிக்காமல், அப்படியே ஜன்னல் மேல் வீசினார்.

வெளியே இருந்து ஓர் அலறல் எழுந்தது. கூடை உருண்டது. மூடிய பாதிக்கு மேலே, ஜன்னலின் திறந்த பாதியில், ஈரக்கூந்தல் முகத்தில் அப்பிய ஓர் உருவம் மெல்ல எழுந்தது. தலையில் வேப்பிலை.

அந்த நேரத்தில் ஒரு கத்தோலிக்கத் தாய் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. விசுவாசப் பிரமாணத்தைச் சத்தமாக ஆரம்பித்தேன், பாதியில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்குள் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

"எவன்டா அது தண்ணி ஊத்துனது!" என்றது உருவம். "என் நோட்டு போச்சே! நேத்துதான் அட்ட போட்டேன்!"

லில்லி குனிந்து மேசைக்கு அடியில் என்னைப் பார்த்தாள். "அம்மா, அது மீன்காரம்மா. அவங்கதான் நாலு. நீங்க வெளிய வாங்க. மேசைக்கு அடியில உக்காரக்கூடாது, ரூல் ஏழு."

வெளியே வந்தேன். ரெஜினா அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

அஞ்சலையை உள்ளே கூப்பிட்டு, துண்டு கொடுத்து உட்காரவைத்தோம். அவள் நாற்காலியில் உட்கார மறுத்து, லில்லியின் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டாவது பாஸ் பண்ணா பால்வாடில வேல கெடைக்கும்னாங்கம்மா. நான் ஆறாவதோட நின்னுட்டேன். பிரைவேட்டா எழுதலாம்னு பேரு குடுத்துட்டேன். சொம எறக்கி வெச்சிட்டு அந்த ஜன்னலாண்ட குந்துவேன். நீ சொல்லித் தர்றது காதுல விழும். பசங்க நம்பர் குடுத்தாங்க. நம்பர் குடுத்தப்பறம் பதில் சொல்லாம இருந்தா மரியாதையாம்மா?"

"நான் பேய்னு சொன்னப்ப நீ ஏன் சொல்லல?"

"நான் வேற பேயின்னு நெனச்சேன்! பயந்துக்குனே வந்தேன். படிப்பு கெடக்கூடாதேன்னு வந்தேன்."

நான் பிள்ளைகளின் பக்கம் திரும்பினேன். "நீங்க ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

நிர்மலா சுவரில் இருந்த விதிகளைக் காட்டினாள். "ஜனவரிலயே எழுதிப் பெட்டில போட்டுட்டோம். ஒரு வாரம் ஆயும் மறுப்பு வரல. ரூல் பன்னெண்டு."

"சாவி" என்றார் ரெஜினா அக்கா.

சாவி எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. சாவிப் பலகையில், 'பெட்டி' என்ற பெயர்ச்சீட்டின் கீழ், அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா பெட்டியைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகச் சத்தமாகப் படித்தார்.

"'ஜன்னலுக்கு வெளியில் மீன்காரம்மாவும் படிக்கிறார்கள். எண் நான்கு கொடுக்கலாமா? எண் 1.' 'மீன்காரம்மா பரீட்சை எழுதினார்கள். தாளைத் தட்டில் வைத்துவிட்டேன். எண் 2.' 'எண்ணுக்குப் பதிலாக ஒரு நாள் பேர் சொல்லிக் கூப்பிடுவீர்களா? எண் 1.'" அடுத்த சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். லில்லியின் கோணல் எழுத்து. "'அம்மா, நீங்கள் ஏன் ஜன்னலைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்? எனக்கும் பயமாக இருக்கிறது. பயம் எந்தப் பெட்டியில் போட வேண்டும்?'"

மூன்று மாதமாக அறையில் இருந்த எதற்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை. அந்தச் சீட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. சாமியார் காலிச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பிள்ளைகளை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். மூவரும் நன்றாகவே பதில் சொன்னார்கள். அஞ்சலையையும் கேட்டார். அவள் இன்னும் நன்றாகச் சொன்னாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"புள்ளைங்க நல்லாப் படிச்சிருக்காங்க ஸ்டெல்லா. படிக்க வேண்டியத நீதான் படிக்கல."

"அப்ப ஜூன்ல பள்ளிக்கூடமா அக்கா?" பதிவேட்டை மூடி அவரிடம் நீட்டினேன்.

"வேணாம். நடத்து. ஆனா இந்தப் பொட்டிய நான் எடுத்துட்டுப் போறேன்." பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டே, "சாவியும்" என்றார்.

இன்று அது மூலக்குளத்தில் ஊசி நூல் பெட்டியாக இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாம் வாயால் சொல்லப்படுகிறது, ஒரே நேரத்தில், மூன்று பேராலும். அமைதி நேரம் என்று அட்டவணையில் ஒன்று இருக்கிறது, அட்டவணையில் மட்டும். பதினான்கு விதிகள் ஐந்தாகிவிட்டன. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அஞ்சலையை உள்ளே உட்காரவைத்து, பதிவேட்டில் முறைப்படி எண் நான்காகச் சேர்த்தேன். எட்டாவது பாஸ் பண்ணி, இப்போது பால்வாடியில் அவளே வருகைப் பதிவு எடுக்கிறாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் சேவியர் ஆட்டோவில் தலையை எண்ணிவிட்டு, "நாலாம் நம்பர் ஏறியாச்சா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. யாராவது எதையாவது காணோம் என்றால், "சீட்டு எழுதிப் போடு, மூணு மாசத்துல கெடைக்கும்" என்கிறாள் நிர்மலா. சாமியார் இப்போது வேறு பங்கில் இருக்கிறார். அங்கேயும் கதை போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கணக்கு நேராக வேண்டும் என்று, நாட்குறிப்பில் குரல் கேட்டதாக எழுதிய நாட்களை அஞ்சலையோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். முப்பத்தொரு நாள். முப்பது நாள் சரியாக இருந்தது. ஒரு புதன்கிழமையிடம் வந்ததும் அவள் தலையை ஆட்டினாள்.

"அன்னிக்கு நான் வரலியேம்மா. தவளக்குப்பத்துல எங்க நாத்தனா பொண்ணு கல்யாணம். மூணு நாளு அங்கதான் இருந்தேன்."

அந்தப் புதன்கிழமைக் குறிப்பை மறுபடி படித்தேன். 'வாடை இல்லை. குரல் வழக்கத்தைவிடச் சின்னது. குழந்தைக் குரல்.' பிள்ளைகளைக் கேட்டேன், இந்த முறை வாயால். மூவரும் தாங்கள் இல்லை என்றார்கள். மாடிக்குப் போய் மதாமைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு காபி கொடுத்தார்.

அஞ்சலை பால்வாடி வேலைக்குப் போன பிறகு பதிவேட்டின் நான்காவது வரிசை காலியாகத்தான் இருக்கிறது. அந்த எண்ணை இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை. எஞ்சிய ஐந்து விதிகளில் ஒன்று இது: ஒருவரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் முன் அவரிடம் நேரில் கேட்க வேண்டும்.